வீட்டுக்கு ஓர் அட்டை

கண்ணுச்சாமி அந்தச் சேதியைக் கொண்டுவந்தபோது நூர்பானுவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிருஷ்ணன்கோவிலில் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் அவள் உதவி நூலகர். கண்ணுச்சாமி அங்கே அட்டெண்டர். வத்திராயிருப்புப் பக்கத்து ஆள். காலையில் அலமாரியைத் தூசி தட்டுமுன் ஊர்ச் சேதியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் துணியைக் கையில் எடுப்பார்.

"மேடம், இனிமே எங்க பக்கம் ஒரு பிள்ளை தெருவுல வெளையாடாது. பிள்ளை பிடிக்கிறவன் வந்துட்டான்."

"யாரு சொன்னா கண்ணுச்சாமி?"

"யாரு சொல்லல? டீக்கடையில சொல்லுதாக, பம்புசெட்டுல சொல்லுதாக. எங்க வீட்டுக்காரி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசி மாசக்கணக்காச்சு, அவளே வாயத் தொறந்து சொல்லிட்டான்னா பாத்துக்கிடுங்க."

நூர்பானு சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்று அட்டையை எடுத்தாள். நூலகத்தில் புத்தகத்துக்கு ஒன்றாக எழுதி அடுக்கி வைப்பார்களே, அந்த அட்டை. இழுப்பறைக் கம்பியில் கோப்பதற்கு அடிப்பக்கம் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். அட்டையின் தலையில் '1989' என்று எழுதி, கீழே 'வாய்மொழி, தேநீர்க் கடை' என்று குறித்தாள்.

அவள் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். வதந்திகளைப் பற்றி அல்ல. வதந்திகளைப் பற்றி உலகத்தில் யார் யார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், எந்த ஆண்டில் எழுத்து கூடியது, எந்த ஆண்டில் குறைந்தது, எந்த நாட்டுக்காரன் அதிகம் எழுதினான் என்று அளந்து சொல்வதுதான் அவள் தலைப்பு. லீவு நாளெல்லாம் மதுரைக்குப் போய், தலையணை கனத்தில் இருக்கும் ஆய்வுச் சுருக்கத் தொகுதிகளைப் புரட்டி, ஒரு கட்டுரைக்கு ஓர் அட்டை என்று எழுதி வருவாள். ராஜபாளையத்து வீட்டில் கூடம் முழுக்க அட்டைகளைப் பரப்பி ஆண்டுவாரியாகக் குவிப்பாள். அண்ணன் மைதீன் பிச்சை குவியல்களைத் தாண்டித் தாண்டி நடந்து அடுப்படிக்குப் போவான்.

"ஏட்டி நூரு, இதுல எந்த அட்டைய எடுத்தா எனக்குக் கல்யாணம் ஆகும்னு பாத்துச் சொல்லேன்."

குவியல்களிலிருந்து ஒரு போக்கு தெரிந்தது. எந்த நாட்டில் கலவரம் நடந்ததோ, அந்த நாட்டின் குவியல் சில வருஷம் கழித்து உயர்ந்தது. முதலில் ரத்தம், பிறகு கட்டுரை. வழிகாட்டிப் பேராசிரியர் வேதசிரோமணியிடம் அதைக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாராட்டினார். கூடவே ஒன்று சொன்னார்.

"எல்லாம் வெளிநாட்டுக்காரன் எழுதினதா இருக்கேம்மா. நம்ம மண்ணுல இருந்து ஒரு அட்டை உண்டா? கடைசியில சின்னதா ஒரு சாம்பிள் எடுத்துச் சேர்த்துடுங்க. நம்ம ஊர்ல ஒரு புரளி எப்படிப் போகுது, யார் சொல்லி யாருக்குத் தெரியுது, அம்புட்டுதான்."

அந்தச் சமயம் பார்த்து, மம்சாபுரத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாட்டம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். தேடிப் போன பொருள் வாசலுக்கு வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஊர் ஊராகப் போய்க் கேட்க அவளால் ஆகாது, வேலை இருந்தது. ஆனால் அண்ணனுக்கு அதுதான் பிழைப்பு. சைக்கிள் கேரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, சேலை, சீட்டித்துணி, பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி என்று வீட்டுவாசல்களில் விரித்து விற்கிறவன். அத்தா மில்லில் நெஞ்சு அடைத்துச் செத்தபிறகு, பள்ளிக்கூடத்தை விட்டுப் பருத்திப் பேட்டையில் மூட்டை தூக்கி அவளைப் படிக்கவைத்தவன் அவன்தான். முதுகு போனபிறகுதான் சைக்கிளுக்கு வந்தான்.

நூலகத்து வெற்று அட்டைக் கட்டு ஒன்றைக் கொடுத்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்கு ஓர் அட்டை. பிள்ளை பிடிக்கிறவன் வருவதாகக் கேள்விப்பட்டீர்களா? யார் சொன்னார்கள்? என்றைக்குச் சொன்னார்கள்? வீட்டில் எத்தனை பிள்ளைகள்? பிள்ளை இருக்கிற வீட்டில் வதந்தி சீக்கிரம் நம்பப்படுகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கடைசிக் கேள்வி.

அவன் அட்டைக் கட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏட்டி, இத நான் போயிக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

"ஊர்க்கதை எல்லாம் பேசித்தான துணி விக்கிற? அதோட இதையும் ரெண்டு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேக்கேன், கேக்கேன். நீ மூஞ்சியத் தூக்காத."

மம்சாபுரத்தில் கேட்டான். வத்திராயிருப்பில் கேட்டான். அட்டைகள் நிரம்பி வந்தன. முதல் வாரம் வந்தவற்றில் பெரும்பாலும் 'கேள்விப்படவில்லை'. அடுத்த வாரம் முக்கால்வாசி 'கேள்விப்பட்டேன்'. அவள் வரைபடத்தாளில் ஒரு கோட்டை ஏற்றி வரைந்து பேராசிரியருக்குத் தபாலில் அனுப்பினாள். இவ்வளவு வேகமாக ஏறுகிற கோட்டை அவள் எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை.

இன்று காலை அவள் புது அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணுச்சாமி துணியை உதறினார்.

"ஆள் யாருன்னு கூடத் தெரிஞ்சுபோச்சு மேடம். சைக்கிள்ல வாரானாம். பின்னால மூட்டை. பாத்தா துணி மூட்டை, உள்ளுக்குள்ள சாக்காம். வீடு வீடாப் போயி எத்தன பிள்ளைகன்னு கேட்டு அட்டையில எழுதிக்கிடுதான். அட்டைக்கு அடியில ஒரு ஓட்டை இருக்குமாம். எந்தப் பிள்ளையத் தூக்கணுமோ அந்த ஓட்டையில கயித்தக் கோத்து அடையாளம் வச்சுக்கிடுவானாம்." அவள் கையிலிருந்த அட்டையைச் சும்மா விரலால் காட்டினார். "இந்தா, நம்ம அட்டை மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

நூர்பானுவின் பேனா நின்றது.

"இன்னைக்குக் கூமாப்பட்டிப் பக்கம் வாரான்னு தாக்கல். எளவட்டங்க கம்போட காத்துக் கெடக்கு. வரட்டும், வந்தா திரும்பி உருப்படியாப் போகமாட்டான்."

காலையில் அண்ணனும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் வந்திருந்தார்கள். கிருஷ்ணன்கோவிலில் பஸ் கூரைமேலிருந்து சைக்கிளை இறக்கும்போது அவன் சொன்னான், "இன்னைக்குக் கூமாப்பட்டி. சாயங்காலம் செத்த நேரம் எனக்காகக் காத்திரு, சேர்ந்து போயிருவோம்."

அட்டையைக் கைக்குள் மடக்கினாள். தடித்த அட்டை, மடங்க மறுத்தது. கண்ணுச்சாமி பார்க்கிறாரோ என்று பயந்தாள். இவருக்குத் தெரிந்தால் இவர் வாயிலிருந்து எந்த ஊர்வரை போகும் என்று பயந்தாள். போலீசுக்குச் சொல்லலாம் என்று போன் இருக்கிற அறைக்கு ஓடினாள். அறை பூட்டியிருந்தது. நிர்வாக அதிகாரி வெளியூர். ஒருவகையில் நல்லதாகப் போயிற்று என்று ஒரு நொடி நினைத்தாள். கல்லூரி அட்டையை வெளியே கொடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். அண்ணன் உயிர் ஆபத்தில் கிடக்கும்போது மனசு இந்தக் கணக்கைப் போட்டது. தலைவலி என்று எழுதிவைத்துவிட்டு ரோட்டுக்கு வந்து வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி போகிற பஸ்ஸில் ஏறினாள்.

பஸ்ஸில் அதே பேச்சுத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மடியில் பிள்ளையை வைத்து முந்தானையால் பொதிந்திருந்தாள். பெயர் பரிபூரணம் என்று அவளே சொன்னாள். வத்திராயிருப்பு கட்டிக்கொடுத்த ஊராம்.

"பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலக்கா. மம்சாபுரத்துல ரெண்டு பிள்ளைகளக் காணலையாம். எங்க மதினி கண்ணாலேயே பாத்திருக்கா."

"காணாமப் போனதையா பாத்தாக?"

"இல்ல, பாத்தவுகளப் பாத்திருக்கா." பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "எம்புட்டு நெஞ்சழுத்தம்ங்கீக அவனுக்கு! எங்க தெருவுல ஒரு குருவிக்குக்கூட இந்த விசயம் தெரியாது. அவனா வந்து, 'பிள்ளை பிடிக்கிறவன் வாரானாமே, கேள்விப்பட்டியளா'ன்னு எங்ககிட்டயே கேட்டான். துணியக் காட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. அவன் கேட்ட பொறவுதான் எங்களுக்கு நெஞ்சுல கூதல் அடிக்க ஆரம்பிச்சிச்சு."

முன்சீட்டில் இருந்தவர் திரும்பினார். "பிடிச்சுட்டாங்களாமே. கூமாப்பட்டியில."

"உசுரோடவா?" என்று கேட்டார் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.

"அது தெரியல."

நூர்பானு முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பரப்பினவள் இதோ உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. தபாலில் அனுப்பிய அந்தக் கோடு கண்ணுக்குள் ஏறிக்கொண்டே போயிற்று. அதை ஏற்றிவிட்டவன் அண்ணன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அவள் சொல்லிக்கொடுத்த முதல் கேள்வியால். பைக்குள் இன்னும் வெற்று அட்டைகள் இருந்தன. யாரும் தொட்டுவிடாதபடி பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். வத்திராயிருப்பில் பரிபூரணம் இறங்கும்போது, "பாத்துப் போங்கக்கா, பொம்பளை ஆளுகளும் அவனோட கூட்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூமாப்பட்டியில் வழி கேட்கவேண்டியிருக்கவில்லை. சத்தம் வந்த பக்கம் நடந்தாள். பால் சொசைட்டிக் கட்டடத்தின் முன்னால் ஊரே நின்றது. சைக்கிளை யாரோ கல்லால் நசுக்கிப் போட்டிருந்தார்கள். மூட்டை கிழிந்து, பூப்போட்ட சட்டைத்துணி சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. அட்டைகள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. சொசைட்டிச் செயலாளர் பொன்னுராஜ் பூட்டிய கதவுக்கு முதுகைக் கொடுத்து, இடுப்பில் செருகிய சாவியை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றார். அவர் சட்டையும் கிழிந்திருந்தது.

"போலீசு வரட்டும்ங்கேன். ஆளு போயிருக்குல்ல? வரட்டும்."

"போலீசு வந்து கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் கொடுத்து விட்டுருவான். சாவியக் குடும்!" கம்பை ஊன்றி முன்னால் நின்றவன் சங்கையா. வாட்டசாட்டமான ஆள், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எம் பிள்ளைக கணக்கை எழுதிட்டுப் போயிருக்கான்யா. எம் வீட்டுல, நான் இல்லாத நேரத்துல!"

நூர்பானு கூட்டத்துக்குள் நுழைந்தாள். "உள்ள இருக்கது எங்க அண்ணன்" என்றாள்.

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு குரல்: "கூட்டாளி வந்துட்டாடோய்!"

அவளைச் சுற்றி வளைத்தார்கள். யாரோ பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். வெற்று அட்டைகள் கொட்டின. ஒரு பெண், "ஆத்தாடி, இன்னும் எம்புட்டு வச்சிருக்கா பாரு" என்று அலறினாள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். 'தள்ளு பாலம்மா' என்று யாரோ அவளை ஒதுக்கினார்கள். 'கூமாப்பட்டிப் பாலம்மா எடுக்காத சேலை என் மூட்டையில இல்ல' என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பான். அவள் கட்டியிருந்ததும் அவன் விற்ற சேலையாகத்தான் இருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவளும் கூட்டாளி.

"நான்தான் கேக்கச் சொன்னேன்" என்றாள் நூர்பானு. "நான் காலேஜுல வேலை பாக்கேன். ஆராய்ச்சி பண்ணுறேன். புரளி எப்படிப் பரவுதுன்னு…"

"அப்ப புரளியா இது?" சங்கையா கிட்டே வந்தான். வியர்வையும் பீடியும் நாறியது. "நீ பரப்புனியா? இல்ல, பிள்ளை பிடிக்கது நெசமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

உண்மை ரொம்ப நீளமாக இருந்தது. மதுரை, பேராசிரியர், வெளிநாட்டுக் கட்டுரை, ஆண்டுவாரிக் குவியல். அதை எந்த முனையில் தொடங்கினாலும் முடிகிறவரை இந்தக் கம்பு காத்திருக்காது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. "நூரு, போயிரு. போயிரு நூரு."

"எங்க பிள்ளைக கணக்கு ஒனக்கு என்னத்துக்கு? அதச் சொல்லு மொதல்ல."

அவள் பார்வை சேற்றில் கிடந்த சட்டைத்துணியில் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளை அவள் யோசித்துச் சொல்லவில்லை.

"துணி கொடுக்கத்தான்."

"என்ன துணி?"

"காலேஜுப் பிள்ளைக சேர்ந்து கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி கொடுக்கப் போறாக. இலவசமா. எந்த வீட்டுல எத்தன பிள்ளைன்னு தெரிஞ்சாத்தான கிழிக்க முடியும்? அதுக்குத்தான் வீட்டுக்கு ஒரு அட்டை. ஓட்டை இருக்குல்ல, அதுல கம்பியக் கோத்து ஊர்வாரியா வைப்போம். முன்னாடியே சொன்னா கூட்டம் கூடிரும்னுதான் வேற எதையோ கேட்டுக்கிட்டு எழுதச் சொன்னோம்."

அவளுக்குத் தன் நாக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

முதலில் அசைந்தது பாலம்மாள்தான். "அதான பாத்தேன்" என்றாள் சத்தமாக. "நல்ல மனுசன்லா அவரு. எனக்குத் தெரியும்ல! எங்க வீட்டுக்கு இன்னும் வந்து எழுதவே இல்லையே தாயி. எம் பேரனுக ரெண்டு பேரு."

"ஏட்டி, எங்க வீட்டு அட்டை எங்கிட்டுப் போச்சு? இங்கதான் மிதிபட்டுக் கெடக்கா?"

குனிந்தார்கள். சேற்றிலிருந்து அட்டைகளைப் பொறுக்கினார்கள். இவ்வளவு நேரம் மிதித்த கால்களை விலக்கச் சொல்லித் திட்டினார்கள். பொன்னுராஜ் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில், "உள்ளதாம்மா, நெசந்தானா?" என்று கேட்டார்.

"கதவத் தெறங்கண்ணே."

அவர் சேற்றில் குனிந்து நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

மைதீன் பிச்சையால் நேராக நிற்க முடியவில்லை. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. வலது கைவிரல்கள் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தன. யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். யாரோ கலர் சோடா உடைத்து அவன் வாயில் வைத்தார்கள்; வைத்த கையில் அவன் ரத்தம் காய்ந்திருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி" என்று ஒருவன் குறைபட்டுக்கொண்டான். அண்ணன் தங்கச்சியைப் பார்த்தான். அவள் சொன்னதெல்லாம் கதவு வழியே அவனுக்குக் கேட்டிருந்தது.

எழுதச் சொன்னார்கள். அவனால் பேனா பிடிக்க முடியாது. நூர்பானு தரையில் உட்கார்ந்து, கவிழ்ந்து கிடந்த வெற்று அட்டைகளை எடுத்து எழுதினாள். பெயர், பிள்ளைகள், வயது. வரிசை முண்டியது. போலீஸ் வந்தால் இந்தப் பொய்யை அவர்களிடமும் சொல்லவேண்டும் என்று பயந்தாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கல்லூரியில் தெரிந்த ஆள் இருக்கிறதாகச் சொல்லிவிட்டால் போதும்.

சங்கையா முறை வந்தது. கம்பை இன்னும் கீழே போடவில்லை. மூன்று பெயர் சொன்னான். பிறகு குனிந்து கேட்டான்:

"என்னைக்குக் கொடுப்பீக?"

"வெள்ளிக்கிழமை."

"இங்க வந்து கொடுப்பீகளா, நாங்க வரணுமா?"

இங்கே வருவோம் என்றால் வெள்ளிக்கிழமை இந்த ஊர் அண்ணனைத்தான் எதிர்பார்த்து நிற்கும். பிறகு அவனைத் தேடும்.

"நீங்கதான் வரணும். கிருஷ்ணன்கோவிலுக்கு."

"வந்து யாரைக் கேக்கணும்? அண்ணாச்சி பேரு என்ன?"

"அவரு வெறும் கூலிக்கு எழுதுனவரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக் கேளுங்க. நூர்பானு. லைப்ரரியில."

சங்கையா அந்தப் பெயரை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "கொடுக்கலைன்னா வருவேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

போலீஸ் வருவதற்குள் பொன்னுராஜ் அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். துணி மூட்டையில் மிஞ்சியதையும் யாரோ கட்டித் தந்திருந்தார்கள். பஸ் ஊரைத் தாண்டியது. அவன் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டான்:

"வெள்ளிக்கிழமை என்ன செய்யப் போற?"

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் மொதல்ல."

"நான் கேட்டது அது இல்ல நூரு."

"லீவு போட்டுருவேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

அன்றைக்கு எழுதிய அட்டைகள் பையில் கனத்தன. வழியில் எறிந்துவிட நினைத்தாள். யாராவது எடுத்துவிடுவார்கள் என்று எறியவில்லை.

வத்திராயிருப்பில் பஸ் நின்றது. இடுப்பில் பிள்ளையும் கையில் இன்னொன்றுமாக ஒரு பெண் படியில் ஏறாமல் நின்று கண்டக்டரிடம் கேட்டாள்.

"ஏண்ணே, கிருஷ்ணன்கோவில் காலேஜுல பிள்ளைகளுக்குத் துணி கொடுக்காகளாம்ல? உள்ளதா?"

"உள்ளதுதான். கூமாப்பட்டியில இப்பத்தான் பேரு எழுதிட்டு வாராக. நான் கண்ணால பாத்தேன்." கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "துணி மட்டும் இல்லம்மா. தலைக்கு அஞ்சு கிலோ அரிசியுமாம்."

"வெள்ளிக்கிழமையா?"

"வெள்ளிக்கிழமைங்காக. நீ நாளைக்கே போயி எடம் பிடி. நூர்பானுன்னு ஒரு அம்மாவாம், அவுககிட்டதான் எல்லாம் இருக்காம்."

மைதீன் பிச்சை வீங்காத கண்ணால் தங்கச்சியைப் பார்த்தான். நூர்பானு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முகம்வரை போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் திரும்பி ஓடினாள், எதிர்க்கடை வாசலில் நின்றவர்களிடம் சொல்ல.

பஸ் இன்னும் புறப்படவில்லை.